செயற்கை இருதய வால்வும் பரிசோதகரின் கையொப்பமும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. தேரின் உயரத்தையும் சிற்ப வேலையையும் அண்ணாந்து பார்த்து வியப்பவர் பலர்; அச்சாணியைக் குனிந்து பார்ப்பவர் ஒருவரோ இருவரோதாம். தேர் புறப்படுமுன் அதனைத் தட்டிப் பார்த்து, 'சரி' என்று சொல்லும் தச்சனின் சொல்லை நம்பியே ஆயிரம் பேர் வடத்தைப் பிடிக்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் வைத்திய வரலாற்றிலும் இத்தகைய அச்சாணிக் கதையொன்று உண்டு. ஒரு சிறு கம்பியின் உறுதியை நம்பி, 80,000க்கு மேற்பட்ட மக்கள் தம் நெஞ்சினுள்ளே ஓர் உலோகக் கருவியைத் தாங்கி வாழ்ந்த கதை அது.

மனித இருதயம் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 முறை துடிக்கின்றது. ஒரு நாளைக்கு ஓர் இலட்சத்துக்கு மேல்; ஓர் ஆண்டுக்கு 3 கோடியே 68 இலட்சம் வரை. ஒவ்வொரு துடிப்பின்போதும் இருதயத்தின் நான்கு வால்வுகளும் திறந்து மூடுகின்றன. இரத்தம் ஒரு வழியாகவே செல்ல விட்டு, திரும்பி வராமல் தடுக்கும் கதவுகள் அவை. தொண்டை நோயைத் தொடர்ந்து சிறுவர்க்கு உண்டாகும் மூட்டுவாதக் காய்ச்சல் இக்கதவுகளைத் தடிக்கச் செய்து பழுதாக்கி விடுவதுண்டு. கதவு சரியாகத் திறவாவிட்டாலும், சரியாக மூடாவிட்டாலும், இருதயம் நாளடைவில் களைத்துப் போகும். முன்னாளில் இந்நோய் முற்றியவர்க்கு வைத்தியர் செய்யக்கூடியது மிகச் சிறிதே.

1960ஆம் ஆண்டிலே, ஐக்கிய அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த போர்ட்லண்ட் நகரில், அல்பேர்ட் ஸ்டார் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியரும், லோவெல் எட்வர்ட்ஸ் என்னும் ஓய்வுபெற்ற பொறியியலாளரும் சேர்ந்து ஒரு செயற்கை வால்வை உருவாக்கினர். உலோகக் கம்பியாலான ஒரு சிறு கூட்டினுள்ளே சிலிக்கோன் குண்டு ஒன்று மேலும் கீழும் அசைந்து இரத்தத்தின் வழியைத் திறந்தும் மூடியும் வந்தது. சாவின் வாயிலில் நின்றவர் பலர் அதனால் மீண்டனர். எனினும், சில ஆண்டுகளுக்குள் எதிர்பாராத குறையொன்று தலைகாட்டிற்று. இரத்தத்திலுள்ள கொழுப்பைச் சில குண்டுகள் சிறிது சிறிதாக உறிஞ்சின, அதனால் வீங்கின, வெடிப்புற்றன. தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளிலே அக்குண்டுகளில் எவ்விதக் குறையும் காணப்படவில்லை. குறை காலத்தோடு கூடி வளர்ந்தது. பின்னர், குண்டைப் பதப்படுத்தும் முறையைத் திருத்தி அக்குறையை நீக்கினர்.

வாசலில் நின்று பார்க்கும் பரிசோதனை மட்டும் போதாது என்பதற்கு இதுவே முதற் பாடம். ஆயினும் அக்காலத்தில் அமெரிக்காவிலே, புதிய மருந்தொன்றை விற்பதற்கு அரசாங்கத்தின் முன்னனுமதி வேண்டியிருந்ததே அன்றி, உடலினுள்ளே பொருத்தும் கருவிக்கு அத்தகைய அனுமதி வேண்டியிருக்கவில்லை. 1970ஆம் ஆண்டிலே, தியோடோர் கூப்பர் என்பவரின் தலைமையில் அமைந்த குழு, பத்தாண்டுகளில் வெளியான வைத்திய ஏடுகளை ஆராய்ந்தது. வைத்தியக் கருவிகளால் ஏறக்குறைய 10,000 பேர் தீங்குற்றதையும், 731 பேர் இறந்ததையும் அக்குழு கண்டது. அந்த 731 மரணங்களுள் 512 இருதய வால்வுகளோடு தொடர்புடையவை. இதனையும் இதுபோன்ற வேறு துன்பங்களையும் கண்ட பின்னரே, 1976ஆம் ஆண்டிற் புதிய சட்டம் பிறந்தது. அபாயத்தின் அளவுக்கேற்பக் கருவிகள் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. உயிரைத் தாங்கும் கருவிகள் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தன; அவற்றை விற்குமுன் உணவு மருந்து நிருவாகத்தின் அனுமதியைப் பெறல் வேண்டுமென விதிக்கப்பட்டது.

சட்டம் வந்துவிட்டது, இனித் தீங்கில்லை என்று உலகம் எண்ணியிருக்கலாம். ஆனால், நாம் கூறவந்த கதை அச்சட்டத்தின் கீழ் அனுமதி பெற்ற ஒரு வால்வைப் பற்றியதே.

சுவீடன் தேசத்துச் சத்திரசிகிச்சை வைத்தியரான விக்கிங் பியோர்க் என்பவரும், கலிபோர்னியாவைச் சேர்ந்த பொறியியலாளரான டொனால்ட் ஷைலி என்பவரும் சேர்ந்து, 1969ஆம் ஆண்டளவிற் புதுவகை வால்வொன்றைப் படைத்தனர். அதிற் குண்டு இல்லை. உலோக வளையம் ஒன்றினுள்ளே வட்டமான தகடு ஒன்று சாய்ந்து திறந்து மூடும். தகடு விழுந்துவிடாதபடி, வளையத்தின் இருபுறமும் வளைந்த கம்பிகள் அதனைத் தாங்கி நிற்கும். இவ்வால்வு நற்பெயர் பெற்றது. ஆயினும் வால்வருகே இரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் முற்றாக நீங்கவில்லை. அதனைக் குறைக்கும் நன்னோக்கத்தோடு, தகட்டின் ஒரு பக்கம் குவிந்தும் மறுபக்கம் குழிந்தும் இருக்குமாறு மாற்றியமைத்தனர். இப்புதிய வால்வு 1979ஆம் ஆண்டிலே அமெரிக்க அனுமதியைப் பெற்றது. அதே ஆண்டிலே ஷைலி கம்பனி, பைசர் என்னும் பெரிய மருந்துக் கம்பனியின் உடைமையாயிற்று.

இவ்வால்வின் கம்பிகளுள் ஒன்று வளையத்தோடு ஒரே உலோகமாக அமைந்தது. மற்றையதோ தனியே செய்யப்பட்டு, இரு கால்களும் வளையத்தோடு உருக்கி ஒட்டப்பட்டன. பட்டறைகளில் 'வெல்டிங்' என்று சொல்லப்படும் வேலை அது. கம்பியின் பருமனோ மிகச் சிறிது. ஒட்டிய இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு இருப்பினும், வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. உருப்பெருக்கிக்கும் ஒரோவழி அகப்படாது.

மெல்லிய கம்பியொன்றைக் கையால் ஒருமுறை வளைத்தால் அது முறிவதில்லை. ஒரே இடத்திற் பலமுறை முன்னும் பின்னும் வளைத்தால் முறிந்துவிடுகின்றது. இதனை உலோகத்தின் களைப்பு என்பர். வால்வின் கம்பிக்கு நேர்ந்ததும் இதுவே. தகடு மூடும்போது சில வேளைகளில் அளவுக்கு மீறித் திரும்பி, கம்பியின் நுனியில் மோதுகின்றது என்பது பிற்கால ஆராய்ச்சியால் வெளியாயிற்று. ஒவ்வொரு மோதலும் அற்பமானது. ஆனால் ஆண்டுக்குக் கோடிக்கணக்கான துடிப்புகள் அல்லவா? முதலில் ஒரு கால் முறியும். நோயாளிக்கு யாதொன்றும் தெரியாது. பின்னர் மற்றக் காலும் முறியும். தகடு கழன்று இரத்தத்தோடு போய்விடும். உடனே சத்திரசிகிச்சை கிட்டாதவர் சில மணி நேரத்துள் இறப்பர்.

முதல் முறிவு, அனுமதி கிடைப்பதற்கு முன்னரே, 1978ஆம் ஆண்டிற் பரீட்சார்த்தமாகப் பொருத்திய காலத்திலேயே நிகழ்ந்தது. தற்செயலான ஒரு குறையென அது கொள்ளப்பட்டது. முறிவுகள் தொடர்ந்தன. கம்பனி ஒட்டுவேலையைத் திருத்தியும், பரிசோதனையைக் கடுமையாக்கியும், சில தொகுதிகளைத் திரும்பப் பெற்றும் வந்தது. ஆயினும் விற்பனை 1986ஆம் ஆண்டிலேதான் முற்றாக நின்றது. அதற்குள் உலகமெங்கும் ஏறக்குறைய 86,000 வால்வுகள் பொருத்தப்பட்டுவிட்டன. முறிந்தவையாக அறியப்பட்டவை 600க்கு மேற்பட்டவை. முறிவு நேர்ந்தவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் மாண்டனர்.

1990ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உபகுழுவொன்று இவ்விடயத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. கம்பனியின் போக்கையும், நிருவாகத்தின் மந்தமான கண்காணிப்பையும் அது கடிந்துரைத்தது. அக்காலத்து வழக்குகளிலும் பத்திரிகைகளிலும் இன்னொரு குற்றச்சாட்டும் எழுந்தது. வெடிப்புக் கண்ட சில வால்வுகள் ஒதுக்கப்படாமல், மேலே மெருகிட்டு அனுப்பப்பட்டன என்றும், வேலை முறையாக நிறைவேறியதெனக் காட்டும் சில பதிவேடுகளில், அவ்வேலையை விட்டு முன்னமே விலகிச் சென்ற ஒருவரின் இலக்கமே பதியப்பட்டிருந்தது என்றும் கூறப்பட்டது. அனுமதி பெறும் பொருட்டு நிருவாகத்துக்கு உண்மையல்லாத தகவல் கொடுக்கப்பட்டது என அமெரிக்க அரசாங்கம் தொடுத்த கோரிக்கையை, 1994ஆம் ஆண்டிலே பைசர் கம்பனி 10.75 மில்லியன் டொலர் செலுத்தித் தீர்த்துக்கொண்டது.

பரிசோதகர் ஒருவரின் கையொப்பம் என்பது வெறும் மை அன்று. சந்தையிலே கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்குபவனுக்குத் தன் கண்ணே சாட்சி. மயக்கமருந்தால் உறங்கும் நோயாளி எதனைப் புரட்டிப் பார்ப்பான்? வைத்தியரும் பெட்டியைத் திறந்து பளபளக்கும் வால்வைக் காண்கிறாரேயன்றி, அதன் ஒட்டினுள்ளே புகுந்து பார்ப்பதில்லை. ஆகவே, 'நான் பார்த்தேன். குறையில்லை' என்று பரிசோதகர் எழுதும் ஒரு வரியையே அவரும் நம்புகின்றார். அந்த வரி பொய்யாயின், அதனைத் தொடரும் திறமை அத்தனையும் பொய்யின்மேற் கட்டிய மாளிகையாகிவிடும்.

உயிரோடிருந்தவர்களின் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. உலோக வால்வு மூடும் ஒலி, இரவின் அமைதியிலே சிலருக்குக் கேட்பதுண்டு. முன்னர் உயிர் இருக்கின்றது என்று ஆறுதல் கூறிய அந்த ஒலி, செய்தி வெளியான பின்னர் அச்சத்தை ஊட்டும் ஒலியாயிற்று. வால்வை எடுத்து வேறொன்றை வைப்பதா? மறுமுறை நெஞ்சைத் திறப்பதிலேயே உயிராபத்து உண்டு. வைத்துக்கொண்டே வாழ்வதா? எந்த வால்வு முறியும் என்று யார் சொல்வார்?

இக்கேள்விக்கு விடை காண உதவியவர்களுள் ஒல்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் குறிப்பிடத்தக்கவர். அந்நாட்டில் இவ்வால்வைப் பெற்ற ஏறக்குறைய 2,300 பேரின் விவரங்களையும் திரட்டி, அவர்களுக்கு யாது நேர்ந்தது என்று ஒவ்வொருவராகத் தேடிக் கண்டனர். 42 பேருக்கு முறிவு ஏற்பட்டிருந்தது என்று 1992ஆம் ஆண்டில் அறிவித்தனர். பெரிய அளவு வால்வுகளிலும், தகடு அகலத் திறக்கும் வகையிலும், இளவயதினரிடத்தும் அபாயம் மிகுதி என்பது இதனாற் புலனாயிற்று. எவருக்கு மாற்றுச் சிகிச்சை தகும், எவருக்குத் தகாது என்று அதன் பின்னரே ஓரளவு துணிந்து கூற முடிந்தது. பொய்யான பதிவேடு உயிரைப் பறித்தது. மெய்யான பதிவேடு வழி காட்டிற்று. 1990ஆம் ஆண்டில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டமும் இதனை உணர்ந்தே, கருவியால் மரணம் நேரின் வைத்தியசாலைகள் அறிவித்தல் வேண்டும் என்றும், உயிர் காக்கும் கருவிகள் யாரிடம் சென்றன எனக் கம்பனிகள் தொடர்ந்து அறிந்திருத்தல் வேண்டும் என்றும் விதித்தது.

இக்கதைக்கு நேர்மாறான மற்றொரு கதை நமக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. அமெரிக்க வால்வு முறிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் வைத்திய விஞ்ஞான நிலையத்திலே, வைத்தியர் வலியத்தான் அவர்களும் அவர்தம் குழுவினரும், ஏழை நோயாளருக்கும் எட்டத்தக்க வால்வொன்றைச் செய்ய முயன்றனர். அதுவும் சாயும் தகட்டு வால்வே. அவர்களுடைய முதல் மாதிரியிலும் உருக்கி ஒட்டிய இடமே முறிந்தது. ஆனால் எந்த நோயாளியின் நெஞ்சிலும் அன்று, பரிசோதனையின்போதே முறிந்தது. அதனைக் கைவிட்டனர். அடுத்த மாதிரியிலே தைத்தேனிய உலோகம் தேய்ந்தது, அதனையும் விட்டனர். பின்னொன்றிலே நீலக்கல்லாற் செய்த கடினமான தகடே உடைந்தது. பல ஆண்டுகளின் உழைப்பு ஒவ்வொரு முறையும் வீணாயிற்றென்று வெளியார் எண்ணியிருக்கக்கூடும். நான்காவது மாதிரியிலே, கம்பிகளையும் வளையத்தையும் ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தனர். ஒட்டு என்பதே இல்லை. தகட்டை உறுதி வாய்ந்த பொலித்தீன் வகையொன்றாற் செய்தனர். இயந்திரத்திலும் விலங்குகளிலும் சோதித்துத் தேறிய பின்னரே, 1990ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆந் திகதி முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினர். அதன்பின் அவ்வால்வு பல்லாயிரவர்க்கு வாழ்வளித்தது.

ஷைலி கம்பனியும் பிற்காலத்தில் ஒட்டில்லாத ஒற்றைக் கம்பி வால்வைச் செய்தது என்பதையும் கூறுதல் நீதியாகும். ஒரே உலோகத்திற் கடைந்த அவ்வால்வின் கம்பி முறிந்ததாகச் செய்தி இல்லை. அறிவு அங்கும் இருந்தது. அவ்வறிவு எப்போது முதன்மை பெற்றது என்பதிலேயே வேறுபாடு.

இன்று உலக நியம நிறுவனத்தின் விதிப்படி, புதிய உலோக வால்வொன்று இயந்திரத்திலே 40 கோடி முறை திறந்து மூடிக் காட்டல் வேண்டும். இது பத்தாண்டுத் துடிப்புக்கு மேற்பட்ட கணக்கு. இலங்கையிலும், 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளோடு வைத்தியக் கருவிகளையும் ஒழுங்கு செய்தது; அதன் இடத்தை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் எடுத்து, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைத்தது. சட்டங்கள் இன்றியமையாதன. ஆயினும், 1976ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே அந்தக் கம்பி முறிந்தது என்பதை மறத்தல் ஆகாது.

பரிசோதனை என்பது ஒரு நாளில் முடியும் வேலை அன்று. செய்யுமுன் அமைப்பைச் சோதித்தல், செய்யும்போது வேலையைச் சோதித்தல், பொருத்திய பின் நோயாளியைத் தொடர்ந்து கவனித்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பரிசோதனையாகும். இம்மூன்றையும் இணைத்து நிற்பது, கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மை. குறையுள்ள பொருளைக் கண்டு, 'இது ஆகாது' என்று ஒதுக்கிவைக்கும் தொழிலாளியின் பெயர் எந்த வரலாற்று நூலிலும் இடம்பெறுவதில்லை. அவர் காப்பாற்றிய மனிதரும் அவரை அறியார். எனினும், எங்கோ ஒரு வீட்டில் அமைதியாக உறங்கும் ஒருவருடைய நெஞ்சினுள்ளே, அவர் அன்றிட்ட உண்மையான கையொப்பம் நிமிடத்துக்கு 70 முறை திறந்து மூடிக்கொண்டிருக்கின்றது.