பால்மரத்தில் இரு வெட்டுகள்

நம் நாட்டுத் தோட்டப்புற மக்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர்கள் பட்ட இன்னல்களையே விரித்துரைப்பர். அது வேண்டுவதே. ஆயின், அம்மக்கள் கையிற் கொண்டிருந்த தொழில்திறனைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். பால்வெட்டு என்பது பயிற்சி வேண்டாத கூலிவேலை என்னும் எண்ணம் படித்தவர் பலரிடம் இன்றும் உண்டு. அவ்வெண்ணம் பொருந்துமா என ஆராய ஒரு வழி இருக்கிறது. இன்றைய தச்சுப் பட்டறைகளில் காடி எடுக்கப் பயன்படும் ரௌட்டர் என்னும் மின்கருவியையும், நம் முன்னோர் ஏந்திய பால்வெட்டுக் கத்தியையும் அருகருகே வைத்து நோக்குவதே அவ்வழி. இரண்டும் அளவறிந்து வெட்டிச் செல்பவை. அன்றியும், நம் நாட்டில் இவ்விரண்டிற்கும் பெரிதும் இரையாவது ஒரே மரமாகிய ரப்பர் மரமே.

கோடரியிலிருந்து கத்திக்கு

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனை அடுத்த கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றினின்று வளர்ந்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தடைந்தன. மரம் வந்தது, அதனை வெட்டும் முறை வரவில்லை. அமேசான் காட்டில் பால் எடுத்தோர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினர். கோடரி பட்டையைக் கடந்து கட்டையையும் புண்படுத்தும். புண்பட்ட இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, மறுமுறை வெட்டுதற்கு உதவாது போகும்.

1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஹெச். என். ரிட்லி இக்குறையை நீக்கினார். புதிதாக ஓரிடத்தைக் கொத்துவதை விடுத்து, முன்பு வெட்டிய கோட்டின் கீழ்விளிம்பிலேயே மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தால் பால் மீண்டும் வரும் என்பதை அவர் கண்டறிந்தார். அடுத்தடுத்த வெட்டுகளில் பால் மிகுந்து வந்தது. இம்முறை தோன்றிய பின்னரே ரப்பர், தோட்டப் பயிராகத் தழைக்க வழி பிறந்தது. மலாக்காவில் டான் சே யான் 1896இல் ரப்பரை வாணிப நோக்குடன் பயிரிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் சிலாங்கூர் எங்கும் அது பரவியது.

சிலாங்கூர் ஆற்றங்கரையில்

கோல சிலாங்கூர் வட்டாரத்தின் ரப்பர் வரலாறு ஆற்றை ஒட்டியது. சிலாங்கூர் ஆற்றை அடுத்த ரந்தாவ் பாஞ்சாங்கில் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ரப்பர் பயிரிட்டவர்களுள் ஒருவர் ஹென்றி ஃபொகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். இவரே பின்னர் 1930இல் மலாயாவைக் களமாகக் கொண்ட புதினத்திற்குப் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றவர். தென்னமரம் எனத் தமிழாகவே ஒலிக்கும் பெயருடைய தோட்டத்தில், 1917இல் நாட்டின் முதல் வாணிப எண்ணெய்ப்பனைப் பயிரைத் தொடங்கியவரும் இவரே. அத்தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தையில் உள்ளது; அவ்வூர் இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படுகிறது. எண்ணெய்ப்பனை பின்னாளில் ரப்பரைப் பெரிதும் அகற்றிவிட்டது. எனினும், பல்லாண்டுக் காலம் இவ்வட்டாரத் தமிழரின் விடியற்காலை பால்மரத்தடியிலேயே விடிந்தது. 1925இல் சட்டத்தால் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் தன் சோதனைத் தோட்டத்தைச் சிலாங்கூரின் சுங்கை பூலோவில்தான் அமைத்தது.

கத்தியின் இலக்கணம்

இனி, வெட்டின் நுட்பத்தைக் காண்போம். ரப்பர் மரத்தின் பட்டையில் வெளியே தக்கை, நடுவே வன்பட்டை, உள்ளே மென்பட்டை என அடுக்குகள் உண்டு. பாற்குழல்கள் மிகுந்திருப்பது மென்பட்டையில். அதற்கும் உள்ளே, பட்டையையும் கட்டையையும் புதிது புதிதாக ஆக்கும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. கத்தி ஆழம் குறைந்து சென்றால் பால் குறையும். வளர்படலத்தைத் தொட்டால் மரம் புண்படும். ஆகவே அப்படலத்திற்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை இடம் விட்டு வெட்டை நிறுத்த வேண்டும். அளவுகோல் வைத்துப் பார்க்க இயலாத இவ்வளவைப் பால்வெட்டுபவர் கைம்மணிக்கட்டின் உணர்வால் அறிந்தார். அதுவும் நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளியில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில்.

திசையும் முறைப்பட்டதே. பாற்குழல்கள் செங்குத்தாக நில்லாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. எனவே இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக, ஏறத்தாழ 25 முதல் 30 பாகைச் சாய்வில் வெட்டினால் குழல்கள் மிகுதியாக அறுபடும். ஜெபோங் எனப்படும் வளைந்த கத்தியை மேலிருந்து தம் பக்கம் இழுத்து வெட்டுவது மலாயா வழக்கம்.

ஒரு வெட்டில் கழியும் பட்டை 1.5 மில்லிமீட்டர் எனவும், ஆண்டிற்கு 150 வெட்டு எனவும் கொண்டால், ஆண்டுக்கு 22.5 சென்டிமீட்டர் பட்டை செலவாகும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொடங்கும் வெட்டு ஆறேழு ஆண்டுகளில் அடியை எட்டும். பின்னர் மறுபக்கத்தை வெட்டி முடிப்பதற்குள் முதற்பக்கத்தில் புதுப்பட்டை வளர்ந்திருக்கும். முதல் வெட்டுக் காயமின்றி அமைந்திருந்தால் மட்டுமே அப்புதுப்பட்டை மீண்டும் வெட்டுதற்கு ஏற்றதாகும். ஒருவர் இன்று செய்த வெட்டின் தரம் பத்தாண்டிற்கும் மேற்பட்ட காலத்திற்குப் பின் வரும் விளைச்சலைத் தீர்மானித்தது. இதனைப் பயிற்சி வேண்டாத வேலை என்று எவர் கூற முடியும்?

மரம் பலகையான வரலாறு

25, 30 ஆண்டுகளில் பால் வற்றிய மரம் முன்பு விறகாகவும் கரியாகவுமே கழிந்தது. அறுத்த பலகையை வண்டும் பூசணமும் விரைந்து பற்றுவதே காரணம். வெட்டிய சில நாட்களுக்குள் போரான் உப்புக் கரைசலால் பதப்படுத்தி, சூளையில் உலர்த்தினால் அது நல்ல பலகையாகும் என்பது ஆராய்ச்சியால் உறுதிப்பட்டது. சிலாங்கூரைச் சேர்ந்த கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் பங்கு இதிற் குறிப்பிடத்தக்கது. 1980களிலிருந்து மலேசியாவின் மரத்தளவாட ஏற்றுமதியில் பெரும்பகுதி ரப்பர்ப் பலகையால் ஆனது. ஜொகூரின் மூவார் அத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. இவ்வாறு பால்மரம் இரண்டாம் முறை வெட்டுவாயை எதிர்கொண்டது.

ரௌட்டரும் அதன் ஒழுங்கும்

காடியின் அடியைச் சமப்படுத்தும் கையிழைப்புளி பழமையானது. அமெரிக்காவில் முதல் உலகப் போர்க் காலத்தில் கார்ட்டர் என்பவர் மின்மோட்டாரில் வெட்டலகைப் பொருத்திக் கைக்கருவி செய்தார். அவர் தொழிலை ஸ்டான்லி நிறுவனம் 1929இல் வாங்கியது. ஓடிக்கொண்டிருக்கும் அலகை மேலிருந்து மரத்தினுள் அமிழ்த்தும் வகையை ஜெர்மனியின் எலு நிறுவனம் 1949இல் வெளியிட்டது.

இதன் வேகம் எண்ணத்தக்கது. 50 மில்லிமீட்டர் அகலமுள்ள அலகு நிமிடத்திற்கு 20,000 முறை சுழன்றால், அதன் விளிம்பு நொடிக்கு 52 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 188 கிலோமீட்டர் வேகத்தில் விரையும். ஆதலின் பெரிய அலகிற்கு வேகத்தை 12,000 அளவிற்குக் குறைத்தல் வேண்டும்.

ஆழம், திசை, கூர்மை என்னும் மூன்றும் இங்கும் தலையானவை. 12 மில்லிமீட்டர் ஆழக் காடியை ஒரே ஓட்டத்தில் எடுக்க முயன்றால் கருவி திமிறும். 4 மில்லிமீட்டராக மூன்று ஓட்டங்களில் எடுத்தால் காடி நேராக அமையும். மேலிருந்து நோக்க அலகு வலஞ்சுழியாகச் சுழலும். எனவே பலகையின் வெளிவிளிம்பைச் சுற்றி இடஞ்சுழியாகவும், சட்டத்தின் உள்விளிம்பில் வலஞ்சுழியாகவும் கருவியை நகர்த்த வேண்டும். மாறி நகர்த்தினால் அலகு மரத்தைப் பற்றி ஓடிக் கையை மீறும். நான்கு விளிம்பையும் இழைக்கும்போது நார் அறுபடும் முனைகளை முதலில் முடித்தால், அங்கே பிய்ந்தது அடுத்த ஓட்டத்தில் நீங்கிவிடும். மழுங்கிய கத்தி பட்டையைக் கிழிப்பதுபோல, மழுங்கிய அலகு மரத்தைக் கருக்கும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மாணவர்க்கு வற்புறுத்த வேண்டும். கை நின்றால் கத்தியும் நிற்கும். விசையை அணைத்த பின்னரும் ரௌட்டரின் அலகு சிறிது நேரம் சுழலும். கத்தியின் ஆழத்தைக் கை வெட்டும்போதே உணர்ந்தது. ரௌட்டரின் ஆழத்தை வெட்டுமுன் நிறுத்தியால் வரையறுத்து, கழிவுப் பலகையில் சோதித்தல் வேண்டும். அலகை மாற்றுமுன் மின்செருகியைப் பிடுங்குவதும், அலகின் காம்பைப் பெரும்பகுதி உட்செலுத்தி இறுக்குவதும், பலகையை அசையாது பிணைப்பதும், இரு கைகளாலும் பிடிப்பதும், கண்ணுக்கும் காதுக்கும் மூச்சிற்கும் காப்பு அணிவதும், தொங்கும் உடையைத் தவிர்ப்பதும், அலகு முற்றும் நின்ற பின்னரே கருவியைக் கீழே வைப்பதும் ஒருபோதும் விடலாகாதவை.

ஆசிரியர் கடமை

வட சிலாங்கூரில் பால்வெட்டுத் தெரிந்தோர் முதுமையடைந்து வருகின்றனர். சுங்கை பூலோவின் ஆராய்ச்சித் தோட்டம் இருந்த நிலம் புதுநகராக மாறி வருகிறது. நிரை, மங்கு, ஒட்டுப்பால், பிரட்டுக்களம் போன்ற சொற்கள் நம் மாணவர்க்கு அயலாகிவிட்டன. ஒவ்வொரு தோட்டத் தமிழ்ப்பள்ளியும் ஒரு பால்வெட்டுக் கத்தியைத் தேடி வைத்து, அதனை ஏந்திய முதியவரை வகுப்பிற்கு அழைத்து, ஆழத்தை அவர் எங்ஙனம் அறிந்தார் என்பதைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். தொழிற்பயிற்சிக்குச் செல்லும் மாணவன் ரௌட்டரை முதன்முறை தொடுகையில், மில்லிமீட்டர்க் கணக்கு தனக்குப் புதிதன்று, தன் பாட்டி நாள்தோறும் கையாண்டதே என்பதை அறிந்திருத்தல் நன்று. அவ்வறிவு அவனுக்குப் பெருமிதத்தை மட்டுமன்றி, கருவியிடத்து அவள் காட்டிய கவனத்தையும் தரும்.