சலங்கு, இரும்புப் பாலம், பழைய டயர்

எங்கள் வயதுப் புதுச்சேரிக்காரர்களுக்கு 'தெஃபான்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல் நன்றாகவே தெரியும். சுவரில் 'தெஃபான்ஸ் தஃபிஷே' என்று எழுதியிருந்தால், நோட்டீஸ் ஒட்டாதே என்று அர்த்தம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்தச் சொல்லின் இன்னொரு பொருள் பின்னாளில்தான் தெரிந்தது. படகு துறையில் அணையும்போது, இரண்டும் மோதிக்கொள்ளாமல் நடுவில் தொங்கவிடும் பொருளையும் கப்பல்காரர்கள் 'தெஃபான்ஸ்' என்பார்கள். ஆங்கிலத்தில் ஃபெண்டர். இந்தச் சின்னப் பொருளை வைத்தே நம் ஊர்க் கடற்கரையின் கதையைச் சொல்லிவிடலாம்.

நம் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய காலத்திலும் (1736 முதல் 1761 வரை) சரி, அதற்குப் பின் நூறு ஆண்டுகளும் சரி, கப்பல் வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிச் சலங்கில்தான் கரை சேரவேண்டும். சலங்கைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஷெலேங்க்' என்று தங்கள் மொழியிலும் சேர்த்துக்கொண்டார்கள்.

சலங்கில் இரும்பு ஆணி இல்லை. உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்களும் இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையல் ஓரங்களில் வைக்கோல் வைத்து இறுக்கியிருப்பார்கள். அலை தூக்கிக் கரையில் போட்டால், ஆணியடித்த ஐரோப்பியப் படகு பிளந்துவிடும். சலங்கோ நெளிந்து கொடுத்துத் தப்பிக்கும். அதற்குத் தனியாகத் தெஃபான்ஸ் தேவையில்லை; படகே தெஃபான்ஸ்தான்.

1860-களில் இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டதும் கணக்கு மாறியது. இரும்பும் வளையாது, ஆணியடித்த படகும் வளையாது. ஆகவே வளைந்து கொடுக்கும் ஏதோ ஒன்றை நடுவில் தொங்கவிட வேண்டும். பழங்கயிற்றைப் பின்னிய மொத்தை, மரக்கட்டை, மோட்டார் வண்டிகள் பெருகிய பிறகு பழைய டயர் என்று மாலுமிகள் இதற்கெல்லாம் வழி கண்டார்கள். அந்தப் பாலம் 1952 புயலில் போயிற்று. அதன் பிறகு கட்டிய பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது.

இன்று தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து, ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. ஃபைபர் இலேசு, உளுக்காது. ஆனால் ஒரே இடத்தில் இடி வாங்கிக்கொண்டே இருந்தால் விரிசல் விடும். விரிசல் விட்ட படகு பழுது பார்க்கக் கரையேறினால், அதில் போகிற அத்தனை பேருக்கும் வருமானம் நின்றுபோகும்.

எனவே, படகு வைத்திருக்கும் பிள்ளைகள், பேரன்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். படகின் வயிறு எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அங்கே ஃபெண்டர் தொங்கவேண்டும்; அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று. துறைச் சுவர் தொடும் உயரத்துக்குக் கயிற்றை ஏற்றி இறக்கிக் கட்டவேண்டும். மேலே தூக்கிக் கட்டிய டயர் வெறும் அலங்காரம். டயரின் அடியில் ஒரு துளை போட்டால் தண்ணீர் வடியும், கனம் குறையும். கம்பி தெரியும் தேய்ந்த டயர் படகையே சுரண்டும். கட்டும் கயிறும் சற்று இழுபட வேண்டும். அந்த நாளில் தென்னங்கயிறு செய்த வேலையை இன்று நைலான் கயிறு செய்கிறது. இரும்புச் சங்கிலியை மட்டும் நம்பினால், ஒவ்வோர் அலைக்கும் படகு வெடுக்கென்று இழுபட்டு, கட்டிய இடம் பெயர்ந்து வரும்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: படகு சுவரை நெருங்கும்போது கையையோ காலையோ நீட்டித் தடுக்கக் கூடாது. இளவட்டங்கள் இதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். பல டன் படகு அலையோடு வந்து அழுத்தினால் எலும்பு என்ன செய்யும்? நசுங்கவேண்டியது டயர், மனிதன் இல்லை.