நாய்க்கு முடி அதிகமா கொட்டுதா? பிரஷ் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை - முழு விவரம்

ஸ்வெட்டரில் முடி, சோபாவில் முடி, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் முடி. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன் வளர்க்கும் வீடுகளில் தினமும் நடக்கிற கதை இது. 'இதுக்கு ஒரு வழி பண்ணணும்' என்று கடைக்குப் போனால், இருப்பதிலேயே அதிகமாக முடி எடுக்கும் பிரஷ்ஷைத்தான் பலரும் கேட்கிறார்கள். சில நாளில் நாயின் தோல் சிவந்துபோகிறது. பிரஷ்ஷைப் பார்த்தாலே நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது.

சீப்பில் எவ்வளவு முடி வந்தது என்பது ஒரு கருவியின் தரத்தைச் சொல்லாது. தானாக உதிர்ந்து, ரோமத்துக்குள் சிக்கியிருக்கும் முடியை மட்டும் எடுத்து, உயிருள்ள முடியையும் தோலையும் தொந்தரவு செய்யாமல் விடுவதுதான் நல்ல கருவி. வெயில் அடிக்கும் ஊரில் இதில் கொஞ்சம் தவறினாலும் சமாளித்துவிடலாம். குளிரும் மழையும் மாறி மாறி வரும் மலையில் சமாளிப்பது கஷ்டம்.

கிளென்மார்கனில் என்ன வித்தியாசம்?

ஊட்டியிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் போய்ப் பிரிந்தால் வரும் ஊர் கிளென்மார்கன். தேயிலைத் தோட்டம், பைக்காரா மின் திட்டத்தோடு சேர்ந்த நீர்த்தேக்கம், சுற்றிலும் புல்வெளியும் சோலைக்காடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாகும் அளவுக்கு உறைபனி.

இப்படிப்பட்ட இடத்தில் நாயின் ரோமம் அழகுக்கானது மட்டுமல்ல, அதுதான் அதன் போர்வை. அதிகமாகச் சுரண்டி எடுத்தால் ராத்திரி குளிரில் நாய் நடுங்கும். சீவாமலே விட்டால், உதிர்ந்த முடி அடியில் பஞ்சு போல அடைந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாள் கணக்கில் வெயிலே வராத மழைக்காலத்தில் அந்த ஈரம் காயாது. அடியில் தோல் புழுங்கி, நாற்றமடித்து, புண்ணாகும். ஆக, மலையில் நாய் வளர்ப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவில் போக வேண்டும்.

முடி ஏன் கொட்டுகிறது?

நாயின் ஒவ்வொரு முடிக்கும் ஒரு சுழற்சி உண்டு. வளரும், வளர்ச்சி நிற்கும், ஓய்வெடுக்கும், பிறகு உதிர்ந்து புது முடிக்கு இடம் விடும். பகல் வெளிச்சத்தின் நீளமும் வெப்பநிலையும் இந்தச் சுழற்சியைத் தூண்டுகின்றன. அதனால்தான் குளிர் நாடுகளில் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் நாய்கள் கொத்துக் கொத்தாக முடி உதிர்க்கும். நம் ஊரில் பகல் நீளம் வருஷம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. வீட்டுக்குள் ராத்திரியிலும் விளக்கு எரிகிறது. அதனால் பல வீட்டு நாய்களுக்கு வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி, பொமரேனியன் ஆகியவற்றுக்கு ரோமம் இரண்டு அடுக்கு. மேலே இருக்கும் நீளமான, கொஞ்சம் முரட்டு முடி மழையையும் வெயிலையும் தடுக்கும். அடியில் இருக்கும் மெத்தென்ற முடி உடம்புச் சூட்டைக் காக்கும். கொட்டுவதில் பெரும்பகுதி இந்த அடிமுடிதான். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் ஊர் இனங்களுக்குக் குட்டையான, தோலோடு ஒட்டிய முடி. அவற்றுக்கும் முடி கொட்டும். ஆனால், ஹஸ்கிக்கு வாங்கும் கருவியை அவற்றின் மேல் வைத்தால் நேராகத் தோலில்தான் படும்.

எந்த நாய்க்கு எந்தக் கருவி?

ரப்பர் பிரஷ், ரப்பர் கையுறை: குட்டை முடி நாய்களுக்கும் நாட்டு நாய்களுக்கும் இதுவே போதும். லேப்ரடாருக்கும் தினசரி உபயோகத்துக்கு நல்லது. மொட்டையான ரப்பர் முனைகள் தளர்ந்த முடியைப் பிடித்து இழுக்கும், தோலைக் கீறாது. தொடும்போது பயப்படும் நாய், குட்டி, வயதான நாய் என யாருக்கும் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

உருண்டை முனை உள்ள எஃகு சீப்பு: அகலப் பல் ஒரு பக்கம், நெருக்கப் பல் மறுபக்கம் இருப்பது வசதி. காதுக்குப் பின்னால், வால், தொடையின் பின்புறம் ஆகிய இடங்களில் சிக்கு இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல கருவி இல்லை.

அடிமுடி எடுக்கும் ரேக்: நம்ம தோட்டத்தில் சருகு வாரும் வாருகோலின் குட்டி வடிவம். இரட்டை அடுக்கு ரோமத்துக்கு மட்டும்தான் இது. பல்லின் நீளம் நாயின் ரோம ஆழத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் அடிமுடியைத் தொடாது, நீளமாக இருந்தால் தோலை உரசும். பல் முனை உருண்டையாகவும், ஒவ்வொரு பல்லும் சுழலும்படியும் இருந்தால் முடி இழுபடுவது குறையும்.

ஸ்லிக்கர் பிரஷ்: வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாக இருக்கும். நீள முடியில் சிக்கு எடுக்க உதவும். ஆனால், தோல் எரிச்சல் வருவதும் பெரும்பாலும் இதை அழுத்தித் தேய்ப்பதால்தான். கம்பி முனையில் பூச்சு உள்ளதாகவும், கம்பிகள் பதிந்திருக்கும் அடிப்பகுதி மெத்தென்று அமுங்குவதாகவும் பார்த்து வாங்குங்கள்.

பிளேடு போன்ற விளிம்புள்ள கருவி: விளம்பரத்தில் மலை போல முடி குவியுமே, அது பெரும்பாலும் இந்த வகைதான். அழுத்திப் பிடித்தாலோ, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தாலோ இது நல்ல மேல்முடியையும் சேர்த்து அறுத்துவிடும். குட்டை முடி நாய்க்கு வேண்டவே வேண்டாம். இரட்டை அடுக்கு நாய்க்கும், உபயோகிக்கத் தெரிந்தவர் காட்டிக்கொடுத்த பிறகு, எப்போதாவது மட்டும்.

வாங்கும் முன் ஒரு சின்ன சோதனை

கடையிலேயே பிரஷ்ஷை உங்கள் முன்கையின் உட்புறத்தில், நாய்க்குச் சீவும் அதே அழுத்தத்தில் நாலைந்து முறை ஓட்டிப் பாருங்கள். கோடு விழுந்தாலோ எரிந்தாலோ திருப்பி வைத்துவிடுங்கள். நாயின் மேல்தோல் நம் தோலைவிட மெல்லியது. நமக்கு எரிந்தால் அதற்கு இன்னும் அதிகமாக எரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியாது.

ஆன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால் வந்ததும் முதல் வேலை இந்தச் சோதனைதான். கைப்பிடி வழுக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிடி வழுக்கினால் நம்மை அறியாமலே அழுத்தம் கூடும்.

எப்படிச் சீவ வேண்டும்?

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 10 நிமிடம். கொத்தாகக் கொட்டும் சமயத்தில் தினமும் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சீவுவதைவிட இது நாய்க்கும் நல்லது, உங்களுக்கும் சுலபம்.

முடி படிந்திருக்கும் திசையில் சீவுங்கள். எடையைக் கொடுக்காமல் மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும். முதுகில் தொடங்கி, நாய் நிதானமான பிறகு வயிறு, அக்குள், காதுப் பக்கம் போகலாம். அங்கெல்லாம் தோல் இன்னும் மென்மையானது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்காதீர்கள். முடி வருவது குறைந்துவிட்டால் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம்.

உதட்டை நக்குவது, தலையைத் திருப்புவது, தோலைச் சிலிர்ப்பது எல்லாம் நாய் 'போதும்' என்று சொல்லும் அடையாளங்கள். உறுமும் வரை காத்திருக்க வேண்டாம்.

குளிப்பாட்டுவதாக இருந்தால் முதலில் சீவிவிட்டு அப்புறம் குளிப்பாட்டுங்கள். ஈரம் பட்டால் சிக்கு இறுகிவிடும். மழையில் நனைந்து வந்த நாயை முதலில் துண்டால் ஒற்றி எடுங்கள். பிறகு அடிமுடி வரை காய்ந்துவிட்டதா என்று விரல் விட்டுப் பாருங்கள். ஹேர் டிரையர் போட்டால் குறைந்த சூட்டில், கையை நடுவில் வைத்துக்கொண்டு காட்ட வேண்டும்.

தேயிலைத் தோட்டப் பகுதிகளில் சிறுத்தை நாயைக் கவ்விச் செல்வது புதிது அல்ல. அதனால் வெளித் திண்ணையில் வைத்துச் சீவுகிறவர்கள் பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

சிக்கு விழுந்துவிட்டால்?

இழுக்காதீர்கள். சிக்குக்கும் தோலுக்கும் நடுவில் உள்ள முடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். கத்தரிக்கோலை மட்டும் உள்ளே விடாதீர்கள். சிக்கோடு சேர்ந்து தோலும் மேலே எழும்பி நிற்கும். எது முடி, எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. தோலோடு ஒட்டிய பெரிய சிக்கு என்றால் கால்நடை மருத்துவரிடமோ அனுபவமுள்ள குரூமரிடமோ போவதுதான் பாதுகாப்பு.

மொட்டை அடித்துவிடலாமா?

கிளென்மார்கனுக்குப் பக்கத்திலேயே சாண்டிநல்லாவில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறியாடு இனவிருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மெல்லிய கம்பளிக்குப் பெயர்போன நீலகிரி ஆடுகள் அங்கே வளர்க்கப்படுகின்றன. 'ஆட்டுக்கு வெட்டுறாங்க, நாய்க்கு வெட்டினா என்ன?' என்ற கேள்வி வருவது இயல்புதான்.

செம்மறியாட்டின் கம்பளி வளர்ந்துகொண்டே இருக்கும், தானாகப் பெரிதாக உதிராது. அதனால் வெட்டித்தான் ஆக வேண்டும். இரட்டை அடுக்கு நாயின் முடி ஒரு அளவு வரை வளர்ந்து தானாக உதிரும். அதை ஒட்ட வெட்டினால் மலையில் குளிரையும், சமவெளியில் வெயிலையும் தோல் நேராக வாங்கும். சில நாய்களுக்கு முடி திட்டுத் திட்டாக, பழைய தன்மை இல்லாமல் முளைக்கும். இத்தனைக்கும் கொட்டுவது நிற்காது. நீள முடிக்குப் பதிலாகக் குட்டை முடி கொட்டும், அவ்வளவுதான். அறுவை சிகிச்சைக்கோ தோல் நோய்க்கோ மருத்துவர் சொன்னால் மட்டும் வெட்டலாம்.

உண்ணி இருந்தால் என்ன செய்வது?

புல்லும் புதரும் உள்ள ஊரில் சீவும் நேரம்தான் உண்ணி பார்க்கவும் சரியான நேரம். காதுக்குள், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் பாருங்கள். உண்ணி இருக்கும் இடத்தில் பிரஷ் போட வேண்டாம். கையுறை போட்டு, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள்.

நீலகிரியில் வீட்டுக்கு வீடு யூகலிப்டஸ் தைலம் இருக்கும். அதை நாயின் மேல் தடவக் கூடாது. நாய் நக்கும். உள்ளே போனால் வாந்தி, தள்ளாட்டம் வரை கொண்டுபோகும். மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். உண்ணி மருந்து போட்ட நாயின் முடியைத் தோட்டத்தில் வீசாமல் குப்பையில் கட்டிப் போடுங்கள். பறவைகள் அதைக் கூடு கட்ட எடுத்துப் போகும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பிரஷ்ஷால் தீராத முடி உதிர்வும் இருக்கிறது. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கருவியை மாற்றிக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

- வட்டமாகவோ திட்டாகவோ முடி போய் தோல் தெரிவது. படர்தாமரையாக இருந்தால் வீட்டில் குழந்தைகளுக்கும் தொற்றும்.
- விடாமல் சொறிவது, கடிப்பது, நக்குவது.
- தோலில் நாற்றம், பிசுபிசுப்பு, சீழ்.
- அரிப்பே இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி குறைவது, கூடவே எடை கூடி மந்தமாவது. தைராய்டு குறைபாடாக இருக்கலாம்.
- உண்ணி கடித்த பிறகு காய்ச்சல், சாப்பிடாமல் சுருண்டு படுப்பது.

அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டலாம். கால்நடை அவசர உதவிக்கான இலவச எண் 1962.

சுருக்கமாக...

குட்டை முடிக்கு ரப்பர், இரட்டை அடுக்குக்கு உருண்டைப் பல் ரேக், நீள முடிக்கு மெத்தென்ற ஸ்லிக்கர், எல்லாவற்றுக்கும் கூடவே ஒரு எஃகு சீப்பு. முடி கொட்டுவதை எந்தக் கருவியாலும் நிறுத்த முடியாது. அது சோபாவில் விழுவதற்கு முன்னால் நம் கையில் விழவைக்கத்தான் முடியும். பிரஷ்ஷை எடுத்ததும் நாய் தானாக வந்து பக்கத்தில் படுத்தால், சரியான கருவிதான் கையில் இருக்கிறது.