காத்திருந்த நிலம்

பம்பாயின் ஆலைப்பகுதியான கிரண்காவில், தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் சமைத்துப் போட்ட பெண்களின் வீட்டு உணவகங்கள் 'கானாவள்' எனப்பட்டன. 1975இல் பிரேமா புரவ் தொடங்கிய அன்னபூர்ணா மகிளா மண்டல் அப்பெண்களுக்கு வங்கிக் கடன் பெற்றுத்தந்தது. 1982 வேலைநிறுத்தத்தில் ஆலைகள் நின்றன, சாப்பிட்டவர்கள் ஊர் திரும்பினார்கள், அடுப்புகளும் அணைந்தன.

எஞ்சியது நிலம். அதை விற்றுக் கட்டடம் எழுப்பினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதியே உரிமையாளருக்கு என்றது 1991ஆம் ஆண்டின் 58ஆம் விதி. உரிமையாளர்கள் தயங்கினார்கள். தொண்ணூறுகளின் நடுவில் மனைவிலையும் சரிந்தது. அவர்களால் காத்திருக்க முடிந்தது. 2001இல் விதி திருத்தப்பட்டது: கட்டடம் நின்ற இடம் பங்கீட்டிலிருந்து விலக்கப்பட்டு, காலியிடம் மட்டுமே பங்கிடப்பட்டது. சந்தை எழுந்ததும், 2005இல் தேசிய ஜவுளிக் கழகத்தின் மும்பை டெக்ஸ்டைல் மில் நிலம் மட்டும் 702 கோடி ரூபாய்க்குப் போனது. 2006இல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது.

சுருங்கிய பங்கில் தொழிலாளர்களுக்கெனக் கட்டிய வீடுகள் ஆலைப் பதிவேட்டில் பெயர் இருந்தவர்களுக்கும் அவர்களது வாரிசுகளுக்குமே. அந்தத் தொழிலாளர்களுக்குச் சோறிட்டவளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நிலத்தின் விலையில் அவள் உழைப்பும் உண்டு என்பதை நாம்தான் எழுதியாக வேண்டும்.