லயத்து வளைகாப்பும் தாயின் உரிமையும்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் லயங்களில் வளைகாப்பு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்தான் நடைபெறுகிறது. மற்ற நாட்களில் கொழுந்து காத்திருக்காது. இஸ்தோப்பில் பாய் விரித்து, கருவுற்ற பெண்ணை அமர்த்தி, சந்தனமும் மஞ்சளும் பூசி, இரு கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்குகிறார்கள். புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் பகிர்ந்துண்ணப்படுகின்றன. கூடிய பெண்கள் வாயார வாழ்த்திக் கலைகிறார்கள். திங்கள் விடிந்ததும் அதே பெண் வளையல் குலுங்கப் பிரட்டுக்களத்தில் வந்து நிற்கிறாள். பேர் விழ வேண்டுமே!

இக்காட்சியை எள்ளி நகையாடுவது நமது நோக்கமன்று. உழைத்துக் களைத்த பெண்கள் ஒருத்திக்காக ஒன்றுகூடி மகிழும் அரிய நாள் அது. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. இத்தனை பேர் கூடிய கூட்டம் அந்தத் தாயை எதற்கு ஆயத்தப்படுத்தி அனுப்புகிறது? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், மலைநாட்டில் பிள்ளைப்பேற்றின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

காப்பு என்னும் சொல்லுக்கு வளையல் என்றும் பாதுகாவல் என்றும் இரு பொருள் உண்டு. பிள்ளைத்தமிழ் இலக்கியம் பாடும் முதற் பருவமும் காப்புப் பருவமே. குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டுகிறது அது. ஆனால் அப்பருவம் குழந்தை பிறந்து மூன்றாந் திங்களில்தான் தொடங்குகிறது. பத்து மாதம் சுமந்தவளுக்கும், அவள் உயிரோடு போராடிய இரவுக்கும் அந்த இலக்கிய வகையில் பருவம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. புலவர்கள் விட்ட அவ்விடத்தை நிரப்பியது பெண்களின் சடங்குதான். முதற்பேற்றின் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளை பூட்டி, அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது தமிழகத்து வழக்கம். சடங்கின் உட்பொருள் அந்த அழைத்துச் செல்லுதலில்தான் இருக்கிறது. மாமியார் வீட்டு வேலையினின்று அவளை விடுவித்து, ஓய்வும் உணவும் துணையும் கிடைக்கும் இடத்தில் சேர்ப்பதே அன்றைய காப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணிகளின் பின்னால் கடல் கடந்து, மன்னார்க் காடுகளைக் கால்நடையாகக் கடந்து மலையேறிய பெண்களுக்குத் தாய்வீடு எங்கே இருந்தது? திருச்சியிலும் சேலத்திலும் புதுக்கோட்டையிலும் இராமநாதபுரத்திலும் இருந்தது. துண்டுக் கடனில் கட்டுண்ட குடும்பம் பிரசவத்துக்காக அத்தனை தொலைவு திரும்பிச் செல்ல இயலுமா? துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. எனவே வளைகாப்பு கடல் கடந்து வந்தது, தாய்வீடு வரவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் அடுத்த காம்பராவில் வாழ்ந்த பெண்களே.

கோப்பிக் காலத்தில் வேலை பருவத்தைச் சார்ந்திருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கிரண்டாண்டுகள் முன்னரே, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். அதைக் கிள்ளப் பெண்ணின் கை தேவைப்பட்டது. ஆகவே குடும்பம் குடும்பமாக ஆள் திரட்டப்பட்டது. துரைமாரின் கணக்கில் பெண் இருமுறை பயன்பட்டாள்: இன்றைய கொழுந்தை அவள் கை பறித்தது; நாளைய தொழிலாளியை அவள் வயிறு ஈன்றது. இவ்விரு உழைப்பில் முன்னதற்கு ஆணைவிடக் குறைந்த கூலி. பின்னதற்குக் கூலியே இல்லை. ஆண் பெண் கூலி வேறுபாடு தோட்டங்களில் நீங்கியது 1984இல், வேலைநிறுத்தப் போராட்டத்தின் பின்னர்தான்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவின் ஒரு மூலையில், அடுப்புப் புகைக்கும் கம்பளிக்கும் இடையில், சேலையொன்றைத் திரையாகக் கட்டித்தான் பிள்ளைப்பேறு நிகழ்ந்தது. கூடவிருந்தவள் மருத்துவச்சி. தமிழ்ச் சமுதாயத்தில் அத்தொழில் பெரும்பாலும் தாழ்த்தி வைக்கப்பட்ட ஒரு குலத்துப் பெண்களுடையதாக இருந்தது. பிறக்கும் பிள்ளையை முதலில் ஏந்தும் கை அவளுடையது. ஆனால் அக்கையைத் தீட்டென்று ஒதுக்கிய சமுதாயம், சடங்குப் பந்தியில் அவளுக்குச் சமமான இலை போட்டதில்லை.

இப்பள்ளத்தாக்கைக் காணவரும் வெளிநாட்டார் பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்துக் கல்லறைக்குச் செல்வதுண்டு. தாயையும் சேயையும் புனித வடிவங்களாகப் படம் பிடித்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் மறைந்து, அங்கே அடக்கம் செய்யப்பட்டார். தோட்டத் தொழிலாளரையும் அவர் படம் எடுத்திருக்கிறார். அவர் பெயர் கல்லில் நிலைத்திருக்கிறது. அதே மலையில் பேற்றின்போது மாண்ட தாய்மாரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பெரிய வீட்டுக்கு ஒரு வரலாறு, லயத்துக்கு ஒரு மௌனம் என்பதே அன்றைய ஏற்பாடு.

சட்டம் இம்மௌனத்துக்குள் மெதுவாகத்தான் நுழைந்தது. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம், தோட்டத்தில் பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு முப்பது நாள் உணவும் உறைவிடமும் அளிக்க வேண்டுமென்றும், வைத்திய அதிகாரி தகுதிச் சான்று வழங்கினாலன்றி அந்நாட்களில் அவளை வேலைக்கு அழைக்கலாகாதென்றும் துரைக்குக் கடமை விதித்தது. 1916இல் அமெரிக்க ரொக்கபெல்லர் நிறுவனத்தின் ஆதரவில் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. மலசலகூடமற்ற லயங்களின் மண்ணிலிருந்து வெறுங்காலின் வழியே உடலில் ஏறி இரத்தத்தை உறிஞ்சும் இப்புழுவே சோகைக்குப் பெருங்காரணமாயிருந்தது. சோகை பிடித்த தாய்க்குப் பேற்றில் ஏற்படும் இரத்தப்போக்கு எமனாகும். இந்நடவடிக்கைகளால் நன்மை விளைந்ததென்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் உழைக்கும் உடல் தேய்ந்தால் தோட்டம் தேயும் என்ற கணக்கும் அவற்றின் பின்னே இருந்தது.

உரிமை என்ற பேச்சு வேறோர் இடத்தில் பிறந்தது. 1919இல் வாஷிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழில் மாநாடு, பேற்றுக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் பெண் தொழிலாளிக்கு ஓய்வு வேண்டுமென உடன்படிக்கை செய்தது. ஆலைகளையும் வணிக நிலையங்களையும் நோக்கிய அவ்வுடன்படிக்கை தோட்டத்துப் பெண்ணை எட்டவில்லை. எனினும் ஓர் அளவுகோல் உலகின் முன் வைக்கப்பட்டுவிட்டது. 1929இல் பம்பாய் மாகாணம் மகப்பேற்று நன்மைச் சட்டம் இயற்றியது. இலங்கையில் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் வந்தது. சர்வசன வாக்குரிமை வந்து எட்டாண்டுகளே கழிந்திருந்த காலம் அது. அதே ஆண்டில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. அடுத்த சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். தோட்டங்கள் வாய் திறக்கத் தொடங்கிய ஆண்டுகள் அவை.

அச்சட்டம் முதலில் கொடுத்தது ஆறு வாரம்: பேற்றுக்கு முன் இரண்டு, பின் நான்கு. பன்னிரண்டு வாரம் கிடைக்க 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் முதலிரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே. மூன்றாம் பிள்ளையைப் பெற்றவளுக்குப் பழைய 42 நாளே நீடித்தது. மூன்றாம் பேற்றில் உடல் குறைவாக நோகுமென்று எந்த வைத்திய நூல் கூறுகிறது? 2018இல் செய்யப்பட்ட திருத்தமே எல்லாப் பேற்றுக்கும் 84 நாள் எனச் சமன் செய்தது. வாஷிங்டனில் உலகம் ஒப்புக்கொண்ட அளவு, இந்நாட்டுச் சட்டத்தில் ஒவ்வொரு தாய்க்குமாக முழுமை பெற ஏறத்தாழ நூறாண்டுகள் சென்றன.

இதற்கிடையே இன்னொரு சட்டம் லயத்துத் தொட்டில் வரை கை நீட்டியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, இந்நாட்டில் பிறந்ததனால் மட்டும் பிள்ளை குடியுரிமை பெறாது. தந்தை வழியில் அதை நிறுவ வேண்டியிருந்தது. தாய் எத்தனை மலையில் கொழுந்தெடுத்தாள் என்பதைச் சட்டம் கேட்கவில்லை. காகிதமில்லாத தந்தையின் பிள்ளை நாடற்றதாகப் பிறந்தது. 1964இல் இரு அரசுகள் இம்மக்களைப் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இல் மேலுமொரு சட்டம் தேவைப்பட்டது. பிறப்பைப் பதிவு செய்து சான்றிதழைக் கையில் பெறுவதும் பிள்ளைப்பேற்று ஆயத்தத்தின் ஒரு பகுதி என்று நாம் வற்புறுத்துவது இவ்வரலாற்றை அறிந்தே.

1930களில் இந்நாட்டில் ஓரிலட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 2010களில் அத்தொகை நாற்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது. வீடுவீடாக நடந்த மருத்துவ மாதர்களும், இலவச வைத்தியமும், பெண் கல்வியும் பெற்ற வெற்றி இது. தோட்டங்கள் இவ்வெற்றியில் நெடுங்காலம் பின்தங்கியே நின்றன. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களில்தான் தொடங்கிற்று. 2017இல் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட புதிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆனால் பொகவந்தலாவைக்கு மேலேயுள்ள ஒரு டிவிசனிலிருந்து, நள்ளிரவு மழையில், நோர்வூட் வழியாக அங்கே போய்ச் சேர வேண்டுமே! தாய்மார் மரணத்தை ஆராய்ந்தோர் மூன்று தாமதங்களைச் சுட்டுகின்றனர்: புறப்பட முடிவு செய்வதில் தாமதம், வழியில் தாமதம், சென்ற இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முதலிரண்டும் லயத்திலும் மலைப்பாதையிலும் நிகழ்பவை. ஏழாம் மாதத்தில் கூடும் பெண்கள் கூட்டம் தலையிடக்கூடிய இடம் அதுவே.

தமிழ்நாட்டரசு 2010களில் அங்கன்வாடிகள் வழியே ‘சமுதாய வளைகாப்பு’ என்னும் விழாவைப் பரப்பியது. ஒரே பந்தலில் பல தாய்மாரை அமர்த்தி, வளையல் இட்டு, பலவகைச் சாதம் வழங்கி, உணவு பற்றியும் பேறு பற்றியும் அறிவுரை கூறுகிறார்கள். சடங்கைக் கைவிடாமலே அதனுள் பயனை வைக்கலாம் என்பதற்கு இது சான்று. அங்கே அரசு செய்வதை இங்கே லயத்துப் பெண்கள் தாமே செய்யலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வளையலோடு சில கேள்விகளையும் முன்வைக்கட்டும். இரவில் வலி கண்டால் எந்த வாகனம் வரும்? அதன் சாரதியின் தொலைபேசி இலக்கம் யாரிடம் இருக்கிறது? யார் கூடச் செல்வார்? மூத்த பிள்ளைக்குச் சோறு போட்டுப் பாடசாலைக்கு அனுப்புபவர் யார்? தாயின் இரத்த வகை என்ன, அவ்வகை இரத்தம் தரத்தக்கவர் லயத்தில் எவர்? கிளினிக் அட்டை, வெளுத்து வெயிலில் காய்ந்த பருத்தித் துணிகள், குளிருக்குக் கம்பளி, ஒரு டோர்ச் ஆகியன ஒரே பையில் இருக்கின்றனவா? வெறும் சாதத்தைவிட இவற்றையே சீராகக் கொண்டுவருவது சிறப்பன்றோ! இரத்தப்போக்கு, தாங்கொணாத் தலைவலி, கண் மங்கல், காய்ச்சல், நீர்க்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய குறிகளில் ஒன்று கண்டாலும் விடியட்டுமென்று காத்திராமல் புறப்பட வேண்டுமென்பதைக் குடும்பநல உத்தியோகத்தர் வந்து கணவனும் மாமியாரும் கேட்க எடுத்துரைக்கட்டும்.

இன்னொன்றும் கூற வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் அது உடலில் சேருவது பெரிதும் குறைகிறது. மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே ஓரிரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ரொட்டியும் சாயத்தண்ணீருமாகப் பொழுதைத் தள்ளும் பெண்ணுக்கு இதைச் சொல்வார் யார்? அவள் பறித்த இலையே அவள் இரத்தத்துக்குக் குறுக்கே நிற்கிறது!

வழக்கப்படி விதவையும் பிள்ளையில்லாதவளும் பிள்ளையைப் பறிகொடுத்தவளும் வளையிடும் வரிசையில் நிற்கலாகாதாம். பேற்றின் ஆபத்தைத் தன் உடலாலேயே அறிந்தவளைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டு, எச்சரிக்கை எவரிடமிருந்து பெறப் போகிறோம்? முதல் வளையலை அவளே இடட்டும். தன் இரவு எங்கே தவறிற்று என்பதை அவளே கூறட்டும். சாதியின் பெயரால் மருத்துவச்சியைத் தள்ளி வைத்த பாவத்துக்கு இது ஓரளவு கழுவாயாகவும் அமையும்.

“கம்பெனியும் அரசும் செய்ய வேண்டியதை ஏழைப் பெண்களின் தோளில் ஏற்றுகிறீர்களே” என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் தன் உரிமையை அறியாதவள் அதை எவரிடம் கேட்பாள்? 84 நாள் ஓய்வு, பேற்றுக்கு முன்னும் பின்னும் மும்மாதம் தீங்கான வேலையினின்று விலக்கு, பாலூட்ட நாளுக்கு இரு இடைவேளை, கருவுற்ற காரணத்தால் வேலைநீக்கம் செய்யத் தடை என்பன சட்டத்தில் உள்ளன. இவை உரக்கப் படிக்கப்படும் இடமாக வளைகாப்பு அமைந்தால், அது சங்கக் கூட்டத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. நாட்கூலியை ஒழித்து, தேயிலை நிலத்தைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்கு மட்டும் விலை தரும் முறை பரவிவரும் நாளில் இது மேலும் அவசரமாகிறது. முதலாளி யார் என்பதே மங்கும்போது, அவளுடைய 84 நாளுக்குப் பொறுப்பேற்பவர் யார்? இக்கேள்வியைக் கருவுற்ற ஒருத்தி தனியே நின்று துரையிடம் கேட்க இயலாது. அவளுக்கு வளையிட்ட இருபது பெண்கள் சேர்ந்து நின்று கேட்கலாம்.

மலைநாட்டு ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்கது மிக எளிது. அடுத்த லயத்து வளைகாப்புக்கு நாம் அழைக்கப்படும்போது, ஒரு தாளில் சட்டத்தின் இந்த நான்கு வரிகளையும், வாகனத்துக்கும் வைத்தியசாலைக்குமான இலக்கங்களையும் தெளிவாகத் தமிழில் எழுதி எடுத்துச் செல்வோம். சீர்த்தட்டில் பழத்துக்கும் வெற்றிலைக்கும் பக்கத்தில் அதையும் வைப்போம். கண்ணாடி வளை உடைந்துபோகும். அன்றைய கூட்டம் அறிந்துகொண்டது அடுத்த தாய்க்கும் உதவும்.