வாய்ப்புற்று: நெய்யூர் சொன்ன பாடமும் இன்றைய சிகிச்சையும்

வட்டக்கோட்டை முதல் குளச்சல் வரையிலான கடலோர ஊர்களிலும், நாஞ்சில் நாட்டின் வயல்புறத்து ஊர்களிலும் முறுக்கான் போடும் பழக்கம் தலைமுறைகளாக இருந்து வருகிறது. நிக்காஹ் வீட்டில் வெற்றிலைத் தட்டு வைப்பது மரியாதை. வயதான உம்மாமார் பலர், சாப்பாடு இல்லாவிட்டாலும் முறுக்கான் இல்லாமல் இருக்க மாட்டார்கள். இந்தப் பழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை உலக மருத்துவத்துக்கு எடுத்துச் சொன்ன இடங்களில் நமது மாவட்டத்தின் நெய்யூரும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது.

நெய்யூரில் கண்டது

அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில், எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் இடம்பெற்றவரான அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல் பல ஆண்டுகள் பணியாற்றினார். அங்கே பணியாற்றிய மருத்துவர் ஐ.எம். ஓர், வெற்றிலை பாக்கு போடுவோருக்கு வரும் வாய்ப்புற்று பற்றி 1933இல் 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். புகையிலை சேர்த்த முறுக்கானைக் கன்னத்தில் நெடுநேரம் ஒதுக்கி வைப்பவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கன்னத்தின் உட்புறத்திலேயே புற்று தொடங்குகிறது.

"நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்" என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை சேர்த்த வெற்றிலையை மட்டுமல்ல, பாக்கையும் புற்றை உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியுள்ளது. பான் மசாலா பாக்கெட்டுகளில் இருப்பதும் பாக்குதான்.

வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது

வாய்ப்புற்று தொடக்கத்தில் வலிக்காது. அதனாலேயே தாமதம் ஆகிறது. கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்க்க வேண்டும்.

- இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்
- கன்னத்தின் உள்ளே அல்லது நாக்கில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
- வாயை முழுதாகத் திறக்க முடியாமை, காரம் பட்டாலே எரிச்சல்
- காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் கட்டி

இந்தச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 2004 வரை, மண்டல புற்றுநோய் மையத்தின் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் 35 வயதைக் கடந்தவர்களின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார்கள். அவ்வளவுதான். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் மரணம் 34 சதவீதம் குறைந்தது.

சிகிச்சையில் வந்த மாற்றங்கள்

வாய்ப்புற்றுக்கு இன்றும் முதல் சிகிச்சை அறுவைதான். முன்பு தாடையையோ கன்னத்தையோ எடுத்தால் முகம் அப்படியே நின்றுவிடும் என்ற அச்சம் இருந்தது. இப்போது உடலின் வேறு பகுதியில் இருந்து தசையும் தோலும் எலும்பும் எடுத்து அந்த இடத்தைச் சீரமைக்கிறார்கள். கதிர்வீச்சும் கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப, உமிழ்நீர்ச் சுரப்பிகளை இயன்றவரை விலக்கிக் கொடுக்கப்படுகிறது.

முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கும் வழி முற்றிலும் அடைபடவில்லை. நிவோலுமாப் என்ற நோய் எதிர்ப்பு மருந்து மிக விலை உயர்ந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் அதை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் என்று, மாத்திரை வடிவ சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முற்றிய தலை, கழுத்துப் புற்று உள்ளவர்களில் ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்தில் இருந்து 43 சதவீதமாக உயர்ந்தனர். இந்த முடிவு 2022இல் வெளியானது. எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதில்லை. சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்கலாம்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. நிலத்தை விற்கும் முன் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

நோயாளியின் நலம்

கதிர்வீச்சு தொடங்கும் முன் பற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சிகிச்சைக் காலத்தில் வாய் புண்ணாகி, வறண்டு போகும். கஞ்சி, முட்டை, மோர் போன்ற மென்மையான உணவும், வாய் திறக்கும் பயிற்சியும் தினமும் தேவை. மூக்கு வழி உணவுக்குழாய் வைப்பது தற்காலிக உதவி. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் இரவென்றாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புற்று தொற்றுநோய் அல்ல. தட்டையும் தம்ளரையும் தனியாக ஒதுக்குவது நோயாளியின் மனதை நோயைவிட அதிகம் புண்படுத்தும். அதேவேளை நோயாளியை நலம் விசாரிக்கப் போவது நன்மை என்றாலும், சளி, காய்ச்சல் உள்ளவர்கள் போகாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் நன்மை. போனில் பேசி துஆ செய்யலாம்.

நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையைச் சுமையாக மாற்றி விடக் கூடாது. நோன்பை விட்டு, குணமான பின் களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கை இல்லையெனில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம். தண்ணீர் படக்கூடாத நிலையில் தயம்மும் உண்டு. ரமளானில் மருந்தை நிறுத்த வேண்டாம்.

வலியைத் தாங்கிக்கொள்வதுதான் ஸப்ர் என்று சிலர் மார்ஃபின் மாத்திரையை மறுக்கிறார்கள். நிவாரணம் தேடுவது பொறுமைக்கு எதிரானது அல்ல. கடும் வலிக்கு மருத்துவர் அளவிட்டுத் தரும் மார்ஃபின், போதைக்காக எடுப்பதும் அல்ல. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, கேரளம் முழுவதும் வீடு தேடிச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின் கிடைப்பதில் இருந்த தடைகளும் குறைந்தன. தமிழகத்தில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டிலேயே வலி நிவாரணப் பராமரிப்பு உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

ஆண்டுக்கு ஒருமுறை மஹல்லாவில் வாய்ப் பரிசோதனை முகாம் வைக்கலாம். பெண்களுக்குப் பெண் மருத்துவர் ஏற்பாடு செய்தால் உம்மாமாரும் தயங்காமல் வருவார்கள். நிக்காஹ் பந்தலில் வெற்றிலைத் தட்டுக்குப் பதிலாகப் பேரீச்சம்பழம் வைக்கலாம். திருவனந்தபுரத்துக்கோ சென்னை அடையாறுக்கோ சிகிச்சைக்குப் போகும் குடும்பத்துக்கு வழிச்செலவும் துணைக்கு ஓர் ஆளும் தந்தால், பாதியில் சிகிச்சையை விடுவோர் குறைவார்கள்.

இன்று இஷாவுக்குப் பின் வீட்டில் முறுக்கான் போடுபவரை விளக்கின் அருகே உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.