மணியோடர் வராத காலம்

1929ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்து விழுந்த வரலாற்றைப் பாடப் புத்தகத்தில் வாசிக்கின்ற மாணவனுக்கு, விலைகள் வீழ்ந்தன, வங்கிகள் மூடின, எண்ணற்றோர் வேலையிழந்தனர் என்பதற்கு மேல் ஒன்றும் மனத்தில் தங்குவதில்லை. ஆனால் அதே மாணவன் கையில் ஜோன் ஸ்டைன்பெக் 1939இல் வெளியிட்ட 'கிரேப்ஸ் ஒவ் ராத்' என்னும் நாவலைக் கொடுத்துவிட்டால், ஒக்லஹோமா மாநிலத்து ஜோட் குடும்பத்தார் வறட்சியாலும் வங்கியின் பிடியாலும் தாம் உழுத நிலத்தை இழந்து, பழைய லொறியொன்றில் பாட்டன் பாட்டி முதல் சிறுபிள்ளைகள் வரை ஏறிக்கொண்டு, 66ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியே கலிபோர்னியாவை நோக்கிச் செல்லும் அந்தப் பிரயாணத்தில் அவனும் ஒருவனாகிவிடுகிறான். இந்நாவலை எழுதுமுன், 1936இல், ஸ்டைன்பெக் பத்திரிகையொன்றுக்காகக் இடம்பெயர்ந்த குடியானவர்களின் முகாம்களுக்கு நேரிற் சென்று கட்டுரைகள் எழுதியவர். கண்ணாற் கண்டதையே கதையாக்கினாராதலின், நாவல் சரித்திரத்துக்குச் சாட்சியாக நிற்கிறது.

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தில், ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ நயினாதீவிலோ உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் இந்நாவலைப் படிப்பிக்க நேர்ந்தால், ஆசிரியர் ஒரு பெரிய வேறுபாட்டை முதலிலேயே எடுத்துக்காட்ட வேண்டும் என்பது என் கருத்து. ஜோட் குடும்பத்தார் அந்தப் பொருளாதார மந்தத்தினால் ஊரை விட்டுப் போனார்கள். தீவகத்திலோ, ஊரை விட்டுப் போயிருந்தவர்கள் மந்தத்தினால் திரும்பி வந்தார்கள். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே நம்முடைய துன்பத்தின் தன்மையும், அது எழுதப்படாமற் போனதன் காரணமும் விளங்கும்.

தீவகத்தின் மண் மெல்லியது. அடியிற் சுண்ணாம்புக் கல், மேலே மழையை நம்பிய சிறு வயல்கள், பல இடங்களில் உவர்த்தண்ணீர்க் கிணறு. ஆகையால் அங்குள்ள குடும்பங்கள் நெடுங்காலமாகவே கடல் கடந்த சம்பாத்தியத்தில் ஒரு காலை ஊன்றி நின்றன. ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் மலாயாவுக்குக் கப்பலேறி, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாயினர். கல்வி குறைந்தவர்கள் கொழும்பிலும் தென்னிலங்கைச் சிற்றூர்களிலும் கடை வைத்துச் சுருட்டும் புகையிலையும் பலசரக்கும் விற்றனர். வேலணைப் பக்கத்தில் விளைந்த புகையிலையும், குடாநாட்டின் ஏனைய புகையிலையோடு சேர்ந்து, திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பியிருந்தது. மாதந்தோறும் மலாயாவிலிருந்து வருகிற மணியோடரே வீட்டுக்குச் சோறும், பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளமும், பெண்ணுக்குச் சீதனமும், கோயிலுக்குத் திருப்பணியுமாயிற்று. 'மலாயா மாப்பிள்ளை' என்ற பெயருக்கு அந்நாளில் இருந்த மதிப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஊர்காவற்றுறைத் துறைமுகத்தின் நிலையையும் இங்கே நினைக்க வேண்டும். ஒல்லாந்தர் லெய்டன் என்று பெயரிட்டழைத்த அத்தீவின் முனையில், ஹம்மன்ஹீல் என்னும் கடற்கோட்டையின் எதிரே, பாய்க்கப்பல்கள் அரிசியும் ஓடும் மரமும் இறக்கிப் புகையிலையும் பனஞ்சலாகையும் ஏற்றிச் சென்றன. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை கொழும்பை யாழ்ப்பாணத்தோடு இணைத்தது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. அன்று முதலே பாய்க்கப்பலின் செல்வாக்குச் சிறிது சிறிதாகத் தேய்ந்துகொண்டிருந்தது. மந்தம் வந்தது, ஏற்கெனவே தேய்ந்திருந்த துறைமுகத்தின் மீது.

றப்பர் விலையும் ஈய விலையும் விழுந்தபோது மலாயா அரசாங்கம் செலவைக் குறைக்கத் தொடங்கி, உத்தியோகத்தர்களை ஆட்குறைப்பில் அனுப்பிற்று. மண்ணின் மக்களாகிய மலாயருக்கே உத்தியோகங்கள் என்ற கொள்கையும் அதே காலத்தில் வலுப்பெற்றது. இலங்கையில் றப்பரும் தெங்கும் விலையிழந்தபோது, சிங்களக் கிராமங்களிற் கடனுக்குச் சாமான் கொடுத்த கடைக்காரனுக்குக் கடன் திரும்பவில்லை. இதன் மேல் 1934-35ஆம் ஆண்டுகளில் கேகாலை, குருநாகல் பகுதிகளை மலேரியா வாட்டிற்று. கடை முதலாளிகளுக்கு மூலதனமாக நின்ற செட்டிமாரும் கைமாற்றை இறுக்கிப் பிடித்தனர். கடை மூடினால் கடைச் சிப்பந்தியாகப் போயிருந்த பையன் ஊருக்கு வருவான். கந்தோர் மூடினால் மலாயாக்காரர் குடும்பத்தோடு வருவார். வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டிய வீடு, அவர்கள் அனுப்பிய பணத்தினாலேயே சோறு கண்ட வீடு என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

அரசியலிலும் அவ்வேளையில் தீவகம் குரலற்றிருந்தது. டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயராச்சியத்தைத் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த அறைகூவலின்படி 1931ஆம் ஆண்டுத் தேர்தலை வடபகுதி பகிஷ்கரித்தமையால், ஊர்காவற்றுறை உட்பட நான்கு தொகுதிகள் 1934 வரை அரசாங்க சபையிற் பிரதிநிதியின்றிக் கிடந்தன. அந்தப் பகிஷ்காரத்தின் இலட்சியத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் மந்தத்தின் மிகக் கொடிய மூன்று வருஷங்களில் இத்தீவுகளின் துயரைச் சபையில் எடுத்துரைக்க ஒருவரும் இல்லாதிருந்தனர் என்பதை மறைக்கவும் கூடாது. வேலணை தந்த துரைசுவாமி அவர்கள் ஊர்காவற்றுறை உறுப்பினராகி, 1936இல் அச்சபையின் சபாநாயகராக அமர்ந்தபோது, மிக மோசமான காலம் கழிந்துவிட்டிருந்தது.

அப்படியாயின் மக்கள் எதைத் தின்று பிழைத்தார்கள்? பனையை. ஆவணியிற் பழுத்து விழும் பனம்பழத்தைப் பிசைந்து களியெடுத்துப் பாயிலே காயவைத்தால் பனாட்டு. விதையைப் பாத்தி போட்டு மழைக்குப் பின் கிண்டினால் கிழங்கு. அதைப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவிலே பிட்டும், மீனும் நண்டும் கீரையும் இட்ட கூழும் ஆயின. கடலோ எந்நாளும் பக்கத்தில் இருந்தது. இவற்றையெல்லாம் சொல்லித் தீவகத்தவர் பட்டினியை அறியார் என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. அது முழு உண்மையன்று. பனை யாருடைய வளவில் நின்றது என்று கேட்க வேண்டும். மரமேறிக் கள்ளிறக்கியவனுக்கும், கூலிக்கு மண் கொத்தியவளுக்கும் சொந்தப் பனை இருக்கவில்லை. நன்னீர்க் கிணறு கூட அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. புங்குடுதீவில் அந்தக் கிணற்றுக்காகப் பிற்காலத்திற் போராடித் தண்டனை அனுபவித்த எழுத்தாளர் மு. தளையசிங்கம், 1935இற் பிறந்தவர். ஏறக்குறைய இம்மந்தகாலத்துப் பிள்ளை.

ஜோட் குடும்பத்தின் துன்பம் சாலையில் நடந்தது. லொறிகள் வரிசையாக ஊர்ந்தன, கூடாரங்கள் வெளியிலே நின்றன. பத்திரிகைக்காரன் போய்ப் பார்க்கலாம், படம் பிடிக்கலாம். தீவகத்தின் துன்பமோ கிடுகு வேலிக்கு உள்ளே நடந்தது. தாலிக்கொடி அடைவுக்குப் போனது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. வளவு ஒற்றிக்குப் போனது நொத்தாரிசுக்கு மட்டுமே தெரியும். மலாயாவிலிருந்து திரும்பியவர் சப்பாத்தும் கோட்டும் போட்டுக்கொண்டே கோயிலுக்குப் போனார். நாவலில் குடும்பத்தைச் சிதறாமற் பிடித்து வைத்திருப்பவள் தாய், தீவகத்திலும் அப்படியே. வேறுபாடு, ஜோட் குடும்பத்துத் தாயை உலகம் அறியும்.

நயினாதீவைப் பலர் மணிமேகலை கூறும் மணிபல்லவமாகக் கொள்வர். ஆபுத்திரன் தன் அமுதசுரபியோடு மனிதரற்ற அத்தீவில் விடப்பட்டு, ஏற்பவர் ஒருவருமின்றிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாதிருந்து உயிர் நீத்தான் என்பது காப்பியம். 1930களில் அதே கரையிற் பசித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் மானத்தின் பொருட்டுக் கையேந்தவில்லை.

எழுதுவதற்குக் களமில்லை என்றும் சொல்ல முடியாது. 'ஈழகேசரி'யும் 'வீரகேசரி'யும் 1930இலேயே பிறந்தன. 'தினகரன்' 1932இல் வந்தது. ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகளான இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகியோர் அந்தத் தசாப்தத்திலேயே எழுதத் தொடங்கினர். தீவகத்துக்கு நாவலும் பின்னர் கிடைத்தது: செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1973இல் வெளிவந்து, வாடைக் காலத்தில் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவரின் உழைப்பையும் பகையையும் கண்முன் நிறுத்திற்று. அந்நாவலை வாசிக்கும்போதெல்லாம், மணியோடர் நின்றுபோன வருஷங்களை இதே நுட்பத்தோடு ஒருவர் எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்ற ஏக்கமே எனக்கு உண்டாகிறது. 1942இல் மலாயாவும் பர்மாவும் ஜப்பானியர் கைப்பட்டு, பணமும் அரிசியும் ஒருங்கே நின்றபோது கூட்டுறவுச் சங்கக் கடை வாசலில் மக்கள் காத்து நின்ற வரலாறும் அதே நாவலின் இரண்டாம் பாகமாகும்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1990ஆம் ஆண்டுக்குப் பின் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறினர். அந்த வருஷங்களை எழுதுவதற்கான சான்றுகள் இப்படிக் குறைந்துபோவதால் ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டகத்திலோ பரணிலோ அந்தக் காலத்துக் கடைக் கணக்குப் புத்தகமோ, மலாயாவிலிருந்து வந்த கடிதமோ, மணியோடர் துண்டோ, ஒற்றி உறுதியோ கிடந்தால் அதைக் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ நூல்நிலையத்துக்கோ கொடுங்கள்.